மூட்டு நீருக்கு ஒன்று, தோலுக்கு வேறொன்று: சேலத்து லேபுக்கும் கிளினிக்குக்கும் எந்த போலரைஸ்டு கருவி?

சேலத்தில் ஒரு நடுத்தர லேபை எடுத்துக்கொள்வோம். வீங்கிய முழங்காலிலிருந்து எடுத்த நீரில் யூரேட் ஊசி (கௌட் என்னும் மூட்டு நோயில் சேரும் யூரிக் அமிலப் படிகம்) இருக்கிறதா என்று எலும்பு டாக்டர் கேட்டு அனுப்புகிறார். சிறுநீரக பயாப்சியில் (நோயறிய எடுத்த திசுத் துண்டு) அமிலாய்டு என்ற புரதப் படிவு உண்டா என்று இன்னொருவர் கேட்கிறார். அதே கட்டடத்தின் மாடியில் இருக்கும் தோல் டாக்டருக்கு, மங்கு விழுந்த கன்னத்தை மேல்பளபளப்பு இல்லாமல் பார்க்க வேண்டும். மூவரும் விற்பனைப் பிரதிநிதியிடம் சொல்லும் சொல் ஒன்றுதான்: ‘போலரைஸ்டு’. பதிலுக்கு வரும் விலையோ சில நூறு ரூபாய் ஃபிலிமில் தொடங்கி லட்சங்களில் முடிகிறது.

இந்த மூவருக்கும் வேண்டியது ஒரே கருவி கிடையாது. எதை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், ஒளியிடம் என்ன கேட்கப்போகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். ‘மின்னுகிறதா, இல்லையா’ என்பது ஒரு கேள்வி. ‘மின்னுவது எந்தத் திசையில் ஒளியைத் தாமதப்படுத்துகிறது’ என்பது அடுத்தது. ‘எவ்வளவு, எந்தக் கோணத்தில்’ என்பது மூன்றாவது. ‘மேலே பட்டுத் திரும்பும் ஒளியைத் தள்ளிவிட்டு உள்ளே போய் வந்ததை மட்டும் காட்டு’ என்பது முற்றிலும் வேறு வேலை. இந்த நான்கில் உங்களுடையது எது என்று தெரிந்துவிட்டால், வாங்க வேண்டியதும் தெரிந்துவிடும்.

திசுவுக்குள் ஒளிக்கு நேர்வது

விளக்கிலிருந்து வரும் ஒளியின் மின்புலம் எல்லாப் பக்கமும் ஆடுகிறது. ஒரே தளத்தில் ஆடுவதை மட்டும் விட்டு மற்றதைத் தடுத்தால் கிடைப்பது தளவிளைவு ஒளி, அதாவது போலரைஸ்டு ஒளி. அந்தத் தடுப்பு ஃபிலிமைத்தான் போலரைசர் என்கிறோம். அதற்கு மேலே, 90 டிகிரி திருப்பி வைத்த இரண்டாவது ஃபிலிம் அனலைசர். நடுவில் ஒன்றும் இல்லாவிட்டால் கண்ணில் இருட்டுதான் தெரியும்.

நடுவில் திசு வந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். கொலாஜன் (திசுவைத் தாங்கும் நார்ப் புரதம்), தசை, நரம்பு உறை, யூரேட் படிகம் போல மூலக்கூறுகள் ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும் இடத்தில், நாரின் நீளவாட்டில் ஆடும் ஒளியும் குறுக்கில் ஆடும் ஒளியும் வெவ்வேறு வேகத்தில் போகும். இதுதான் இரட்டை ஒளிவிலகல். வெளியே வரும்போது ஒன்று பின்தங்கியிருக்கும், அதனால் ஒளியின் ஆட்டம் மாறி, ஒரு பகுதி அனலைசரைத் தாண்டிவிடும். இருட்டுப் பின்னணியில் அந்த இடம் மட்டும் ஒளிரும்.

இரண்டாவது, சிதறல். தோல் போன்ற தடித்த திசுவில் நுழைந்த ஒளி செல், நார், நிறமி என்று பல இடங்களில் மோதித் திரும்பும்போது தன் தளத்தை மறந்துவிடுகிறது. மேல்பரப்பில் பட்டு உடனே திரும்பும் ஒளி மட்டும் தளத்தை அப்படியே வைத்திருக்கும். ஸ்லைடு பார்ப்பவர் முதல் நிகழ்வைப் படிக்கிறார், தோல் பார்ப்பவர் இரண்டாவதைப் பயன்படுத்திக்கொள்கிறார். இரண்டு வேலைக்கும் சேர்த்து ஒரே கருவி என்று யாராவது விற்றால் நிதானிக்கவும்.

ஸ்லைடில் கிடைக்கும் ஒளி எவ்வளவு சொற்பம் என்பதை ஒரு கணக்கு காட்டும். கொலாஜனின் இரு ஒளிவிலகல் எண்களுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 0.003. ஐந்து மைக்ரான் தடிமனில் சீவிய திசு செக்‌ஷனில் பின்தங்கல் 15 நானோமீட்டர். நார் 45 டிகிரியில் இருந்தால்கூட, பச்சை ஒளியில் அனலைசரைத் தாண்டுவது 0.7 சதவீதம்தான். இரண்டு ஃபிலிம்களும் சரியான குறுக்கிலிருந்து 5 டிகிரி விலகியிருந்தால் சும்மா கசியும் ஒளியும் ஏறக்குறைய அதே அளவுக்கு வந்துவிடும். அதாவது, பார்க்க வேண்டியதும் மறைக்க வேண்டியதும் ஒரே அளவு. மலிவான அமைப்பு ‘வேலை செய்யவில்லை’ என்று ஒதுக்கப்படுவதற்குப் பெரும்பாலும் இந்த 5 டிகிரிதான் காரணம்.

முதல் வழி: இருக்கும் மைக்ரோஸ்கோப்பில் இரண்டு ஃபிலிம்

டிவி, எல்சிடி சர்வீஸ் கடைகளில் போலரைசர் ஷீட் கிடைக்கும். வாங்கும்போது மூன்றைப் பார்க்க வேண்டும். மேட் ஃபினிஷ் வேண்டாம், அது பிம்பத்தைக் கலங்கடிக்கும். இரண்டு துண்டுகளைக் குறுக்காக வைத்து ஜன்னலைப் பார்த்தால் கருமை வர வேண்டும், ஊதா நிறம் கசிந்தால் வேறு ஷீட் கேளுங்கள். 3டி சினிமாக் கண்ணாடியை வெட்டிப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தியேட்டர்களில் தரும் கண்ணாடி பலவும் வட்டத் தளவிளைவு வகை, அதில் ஃபிலிமோடு இன்னொரு படலம் ஒட்டியிருக்கும், புறம் மாறினால் இருட்டே வராது. கேமராவுக்கான சிபிஎல் (வட்டத் தளவிளைவு) ஃபில்டருக்கும் இதே சிக்கல் உண்டு.

கீழ்த் துண்டைக் கண்டென்சருக்கு (ஸ்லைடின் கீழே ஒளியைக் குவிக்கும் லென்ஸ்) அடியில் உள்ள ஃபில்டர் வளையத்தின் அளவுக்கு வட்டமாக வெட்டிப் போடுங்கள். அது சுழல வேண்டும். மேல் துண்டு எங்கே என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஐபீஸ் மேல் வைக்கக் கூடாது. பைனாகுலர் தலைக்குள் இருக்கும் பிரிசங்களே ஒளியின் தளத்தை மாற்றிவிடும், ஒரு கண்ணில் இருட்டும் மறு கண்ணில் சாம்பலுமாக வரும். தலையைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, தலையை எடுத்து, அடியில் உள்ள குழியில் துண்டை வைத்து மறுபடி பூட்டுவதே சரி. பிம்பம் இந்தத் துண்டு வழியாகத்தான் போகிறது என்பதால் சமதளமான, கீறலில்லாத துண்டை மேலே வையுங்கள். கீழே இருப்பது வெளிச்சத்துக்கு மட்டும், அங்கே சுமாரானது போதும். கவர் ஸ்லிப் மேலேயே ஒரு சிறு துண்டை வைத்துப் பார்க்கும் குறுக்கு வழி 4, 10 மடங்கு ஆப்ஜெக்டிவ்களோடு நின்றுவிடும். 40-இன் முனைக்கும் ஸ்லைடுக்கும் இடையில் அதற்கு இடமில்லை.

விளக்கு எல்இடியாக இருப்பது நல்லது. ஃபிலிம் என்பது இழுத்து நீட்டிய பிளாஸ்டிக்கில் அயோடின் ஏற்றியது, ஹாலஜன் சூட்டில் சில மாதங்களில் நிறம் மாறிவிடும். ஒற்றை ஃபிலிமே பாதிக்கும் மேல் ஒளியைத் தின்றுவிடும் என்பதால் விளக்கை முழுதாக ஏற்றி, அறையை இருட்டாக்கிக்கொள்ள வேண்டும்.

சரியாகக் குறுக்காகிவிட்டதா என்று சோதிக்க சேலத்துக்காரருக்கு வெளியே எதுவும் தேட வேண்டியதில்லை. மரவள்ளி மாவு போதும். சவ்வரிசியை இடித்துப் போடாதீர்கள். அது வறுபட்டு, மாவு பாதி வெந்துவிட்ட பொருள். வறுப்பதற்கு முந்தைய பச்சை ஸ்டார்ச்தான் வேண்டும். பல்குத்தும் குச்சி நுனியில் ஒட்டும் அளவு எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் கலந்து, கவர் ஸ்லிப் போட்டு 40-இல் பாருங்கள். சாதாரண ஒளியில் ஒரு பக்கம் நறுக்கிய உருண்டைகள் போலத் தெரிந்தவை, ஃபிலிம் குறுக்கானதும் இருட்டில் எரியும் சிறு விளக்குகளாகும். ஒவ்வொன்றின் நடுவிலும் கருப்புச் சிலுவை, நான்கு பக்கமும் வெள்ளை இதழ். ஸ்லைடைத் திருப்பினாலும் சிலுவையின் கைகள் திரும்பாது, ஃபிலிம்களின் திசையிலேயே நிற்கும். அதே மாவைக் கொதிக்கவைத்துப் பாருங்கள், சிலுவை அணைந்துபோயிருக்கும். உள்ளே இருந்த வரிசை கலைந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். இரட்டை ஒளிவிலகல் என்பது வரிசையின் அடையாளம் என்பதை இதைவிட நேராகக் காட்டும் பாடம் எங்களுக்குத் தெரியவில்லை.

இந்த முதல் வழி எதற்கெல்லாம் போதும்? நெஃப்ரோடிக் (சிறுநீரில் புரதம் அதிகம் வெளியேறும் நிலை) நோயாளியின் சிறுநீரில் இதே மாதிரி சிலுவை காட்டும் கொழுப்புத் துளிகளைப் பார்க்கலாம். பயாப்சியில் தையல் நூல், டால்க் போன்ற அந்நியப் பொருளைக் கண்டுபிடிக்கலாம். அமிலாய்டும் இதிலேயே பார்க்கலாம், ஆனால் அதன் வெற்றி மைக்ரோஸ்கோப்பைவிட செக்‌ஷன் வெட்டுபவர் கையில் இருக்கிறது.

காங்கோ ரெட் சாயம் ஏறிய அமிலாய்டு குறுக்கு ஃபிலிம்களுக்கு இடையில் ஆப்பிள் பச்சையாகத் தெரியும். அதற்கு செக்‌ஷன் 8 முதல் 10 மைக்ரான் வேண்டும். எச் அண்டு இ என்ற வழக்கமான சாயத்துக்கு வெட்டும் 3, 4 மைக்ரானிலேயே இதையும் வெட்டிவிட்டு, ‘பச்சை இல்லை, அமிலாய்டு இல்லை’ என்று எழுதுவது பெரிய தவறு. மெல்லிய செக்‌ஷனில் சிறு படிவு பச்சை காட்டாமலே போகலாம். ரொம்பத் தடித்தால் பச்சை மஞ்சளாகும். கொலாஜனும் மின்னும், ஆனால் வெள்ளி வெள்ளையாக. சாயத்தைக் கழுவும் படியில் அவசரப்பட்டால் கொலாஜனும் சிவந்து நின்று குழப்பும். ஒவ்வொரு முறையும் அமிலாய்டு உறுதியான திசுவின் கண்ட்ரோல் ஸ்லைடும் கூடவே ஓட வேண்டும். ஸ்லைடைத் திருப்பிப் பார்க்கவும் மறக்காதீர்கள். ஒரு கோணத்தில் இருண்ட படிவு 45 டிகிரியில் எழுந்து நிற்கும். காசநோய், தொழுநோய் போன்ற நாள்பட்ட தொற்றுகளில் அமிலாய்டு சேரும் என்பதால் நம் ஊர் லேபுகளுக்கு இந்தச் சோதனை அரிய விஷயமே கிடையாது.

இரண்டாவது வழி: ரெட் பிளேட்டோடு வரும் இணைப்பு

மூட்டு நீர் வந்துவிட்டால் ‘மின்னுகிறதா’ என்ற கேள்வி போதாது. 1961-இல் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் கௌட் மூட்டு நீரில் யூரேட் படிகத்தைத் தளவிளைவு ஒளியில் காட்டியதிலிருந்து, இந்தச் சோதனையே கௌட்டை உறுதிசெய்யும் வழியாக நிற்கிறது. யூரேட்டும் மின்னும், கௌட் போலவே மூட்டை வீங்கவைக்கும் சூடோகௌட்டைத் தரும் கால்சியம் பைரோபாஸ்பேட்டும் மின்னும். யூரேட் கூர் ஊசி, பளிச்சென்று எரியும். பைரோபாஸ்பேட் குட்டைச் சாய்சதுரமோ கோலோ, மங்கலாக இருக்கும். வடிவத்தை மட்டும் நம்பினால் ஏமாற இடமுண்டு. இரண்டையும் பிரிக்க, போலரைசருக்கும் அனலைசருக்கும் இடையில் 45 டிகிரியில் ரெட் பிளேட்டைச் செருகுகிறோம்.

அந்தத் தகடு தானாகவே ஏறக்குறைய 530 நானோமீட்டர் பின்தங்கல் தருகிறது. பின்னணி மெஜந்தாவாகும். கண்ணுக்கு இந்த இடத்தில் ஒரு விசேஷம்: பின்தங்கல் கொஞ்சம் கூடினால் நீலம், கொஞ்சம் குறைந்தால் மஞ்சள், நடுவில் தயக்கமே இல்லை. தகட்டில் குறித்திருக்கும் மெதுவான அச்சுக்கு இணையாகப் படுத்த ஊசி மஞ்சளாகவும், குறுக்கே கிடப்பது நீலமாகவும் இருந்தால் யூரேட். இணையாகக் கிடப்பது நீலம், குறுக்கே மஞ்சள் என்றால் பைரோபாஸ்பேட்.

செல்லோ டேப்பில் ரெட் பிளேட் செய்ய முடியும். கண்ணாடி ஸ்லைடில் தெளிந்த டேப்பை ஒரே திசையில் ஓர் அடுக்கு, இரண்டு அடுக்கு என்று ஒட்டி, கீழ் ஃபிலிம் மேல் 45 டிகிரியில் வைத்து, மஞ்சளைத் தாண்டி முதலில் வரும் அடர் மெஜந்தாவில் நிறுத்த வேண்டும். அதற்கு அப்புறமும் அடுக்கினால் வெளிறிய இளஞ்சிவப்பு ஒன்று வரும், அது உதவாது. டேப்புக்கு டேப் தடிமன் வேறு என்பதால் சிலதில் அந்த நிறம் அமையவே அமையாது. அதைவிடப் பெரிய அபாயம், டேப்பில் மெதுவான அச்சு எது என்று யாரும் குறித்துக் கொடுப்பதில்லை. அச்சைத் தலைகீழாக எடுத்துக்கொண்டால் மஞ்சளும் நீலமும் இடம் மாறி, கௌட் நோயாளி சூடோகௌட் ஆகிவிடுவார். தவறு ரிப்போர்ட்டில் தெரியாது, மருந்துச் சீட்டில்தான் தெரியும்.

இங்கும் மரவள்ளி மாவு கைகொடுக்கும். ஸ்டார்ச் மணியில் ஆரத்தின் திசைதான் மெதுவான திசை. ரெட் பிளேட் உள்ளே போனதும் நான்கு இதழ்களில் எதிரெதிரான இரண்டு நீலமாகும், மற்ற இரண்டு மஞ்சளாகும். நீல இதழ்கள் இரண்டையும் சேர்க்கும் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுவே தகட்டின் மெதுவான அச்சு. அந்தத் திசையில் படுத்த யூரேட் ஊசி மஞ்சளாக இருக்க வேண்டும். டேப் தகட்டுக்கு மட்டுமல்ல, கம்பெனித் தகட்டுக்கும் காலையில் ஒருமுறை இதைச் செய்துவிடுவது நல்லது. துடைக்கக் கழற்றியவர் திருப்பிச் செருகியிருக்கலாம்.

எங்கள் முடிவு: மாதத்துக்கு நான்கு மூட்டு நீர் வந்தாலும், கம்பெனி தயாரித்த போலரைசர், அனலைசர், அச்சு குறித்த ரெட் பிளேட் மூன்றும் சேர்ந்த இணைப்பையே வாங்குங்கள். இருக்கும் மைக்ரோஸ்கோப் தயாரிப்பாளரிடமே, அதே மாடலுக்குப் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தலைக்கும் உடம்புக்கும் நடுவில் செருகும் துண்டு மாடலுக்கு மாடல் அளவு மாறும். டேப் தகடு மாணவருக்குக் கற்றுக்கொடுக்க அருமை, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டாம்.

மாதிரி விஷயத்தில் கருவியைவிடக் கவனம் வேண்டும். மூட்டு நீருக்கு ஆக்சலேட் குழாயும், லித்தியம் ஹெப்பாரினும், தூள் இடிடிஏ-வும் (எல்லாம் உறையாமல் இருக்கச் சேர்ப்பவை) ஆகாது. அவையே படிகம் போட்டுக் காட்டும். சோடியம் ஹெப்பாரின் அல்லது திரவ இடிடிஏ சரி. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரும் மாதிரி என்றால், எடுத்த நேரத்தைக் குழாயில் எழுதச் சொல்லுங்கள். யூரேட் பொறுமையாக இருக்கும், பைரோபாஸ்பேட் நேரம் போகப் போகக் குறையும், வெள்ளணுக்களும் சிதையும். சாயங்காலம் எடுத்ததை மறுநாள் பஸ்ஸில் அனுப்புவதைவிட அன்றே பார்ப்பது எவ்வளவோ மேல். ஸ்லைடை ஆல்கஹாலில் துடைத்து, சிறு சொட்டு வைத்து, 10-இல் தேடி 40-இல் உறுதிசெய்யுங்கள். பவுடர் போட்ட கையுறையின் ஸ்டார்ச் சிலுவை காட்டி மாட்டிக்கொள்ளும், டால்க் அப்படி மாட்டாது. அந்த மூட்டில் முன்பு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அந்த மருந்தின் படிகமே யூரேட் வேஷம் போடும் என்பதால், அந்த விவரத்தை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். படிகம் கிடைத்துவிட்டது என்று கிருமி தேடும் கிராம் சாயத்தையும் கல்ச்சரையும் விட்டுவிடக் கூடாது. கௌட் மூட்டில் சீழும் சேர்ந்து இருக்கலாம்.

மூன்றாவது வழி: முழு போலரைசிங் மைக்ரோஸ்கோப்

360 டிகிரி குறித்த சுழல் ஸ்டேஜ், உள் அழுத்தம் இல்லாத ஆப்ஜெக்டிவ், அளவு குறித்த அனலைசர், மாற்றி மாற்றிச் செருகும் காம்பென்சேட்டர்கள் (ரெட் பிளேட் போன்ற தகடுகள்). சாதாரண ஆப்ஜெக்டிவ் கண்ணாடியிலேயே லேசான இறுக்கம் இருக்கும், அதுவும் ஒளியைத் திருப்பும். மங்கலான பைரோபாஸ்பேட்டும் மெல்லிய கொலாஜனும் அந்தச் சாம்பலில் மூழ்கிவிடும். அவற்றை அடிக்கடி பார்ப்பவர்களுக்கும், சிறுநீரகம், கல்லீரல் பயாப்சி நிறைய வரும் துறைக்கும், ஆய்வு நடக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் இது நியாயமான செலவு. தனியார் லேபுக்கு இதை நாங்கள் சொல்ல மாட்டோம்.

பிக்ரோசிரியஸ் ரெட் என்ற கொலாஜன் சாயத்தில் கல்லீரல் தழும்பை அளக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குறுக்கு ஃபிலிமில் சிவப்பு, ஆரஞ்சு என்றால் வகை ஒன்று கொலாஜன், பச்சை என்றால் வகை மூன்று என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அந்த நிறம் நாரின் தடிமனையும் அடுக்கையும் சொல்கிறது, வகையைச் சொல்வதில்லை. அதோடு ஃபிலிம்களின் திசையில் ஓடும் நார் இருட்டாகவே இருக்கும் என்பதால், ஒரே கோணத்தில் படம் எடுத்துச் சதவீதம் கணக்கிட்டால் தழும்பு குறைவாகவே வரும். சுழல் ஸ்டேஜின் மதிப்பு இங்கேதான்.

சேலத்துக்கு ஒரு வசதி உண்டு. மேக்னசைட் கனிமத்துக்குப் பேர்போன ஊர் இது, பெரியார் பல்கலைக்கழகத்தில் புவியமைப்பியல் துறை இருக்கிறது. கல் பார்க்கும் மைக்ரோஸ்கோப்பும் இதே குடும்பம்தான், பழையது விற்பனைக்கு வந்தால் பார்க்கலாம். ஆப்ஜெக்டிவில் 0.17 என்று எழுதியிருந்தால் கவர் ஸ்லிப் போட்ட ஸ்லைடுக்கு ஏற்றது. 0 என்று இருந்தால் அது தாதுவின் மெருகேற்றிய மேற்பரப்பைப் பார்க்கும் வகை, 40-இல் உங்கள் ஸ்லைடு தெளிவாக வராது.

குவாரி, சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் பயாப்சியும் இந்தப் பக்கம் வரும். மின்னும் துகள் தெரிந்தால் சிலிக்கோசிஸ் (சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய்), தெரியாவிட்டால் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. சிலிக்கா மங்கலாகத்தான் மின்னும், பளிச்சென்று எரிபவை பெரும்பாலும் சிலிக்கேட் துகள்கள். முடிச்சின் அமைப்பும் தொழில் வரலாறும்தான் அங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டும். இன்னொரு ஏமாற்று, பயாப்சியில் பழுப்பாகப் படியும் ஃபார்மலின் நிறமி. அதுவும் மின்னும், மலேரியா நிறமியும் மின்னும். 10 சதவீத நடுநிலை பஃபர் ஃபார்மலின் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் எழாது.

தோலுக்கு: எதிர்த் திசையில் யோசிக்க வேண்டும்

தோலின் மேல் விழும் ஒளியில் 4 சதவீதம் அளவு மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்புகிறது. மாநிறம், கருநிறத் தோலில் மெலனின் உள்ளே போனதை நிறைய விழுங்கிவிடுவதால் திரும்பி வருவது குறைவு, அதனால் அந்த 4 சதவீதப் பளபளப்பு இன்னும் பெரிய திரையாக நிற்கும். எண்ணெயும் வியர்வையும் சேர்ந்த சேலத்து ஏப்ரல் முகத்தைச் சொல்லவே வேண்டாம். விளக்கின் மேல் ஒரு ஃபிலிம், கண்ணுக்கு முன் குறுக்காக இன்னொன்று. தளம் மாறாத பளபளப்பு தடுக்கப்படும், உள்ளே சிதறித் தளத்தை மறந்த ஒளியில் பாதி வந்து சேரும். ராக்ஸ் ஆண்டர்சன் 1991-இல் தோல் படமெடுப்பதற்கு எழுதிய முறையின் சாரம் இதுதான்.

போலரைஸ்டு இல்லாத டெர்மோஸ்கோப்பில் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கைக்கருவி) ஜெல்லோ ஆல்கஹாலோ தடவி, கண்ணாடியைத் தோலில் அழுத்த வேண்டும். அழுத்தினால் நுண் ரத்தக்குழாய் வெளுத்துப்போகும். போலரைஸ்டு வகையில் தொடாமலே பார்க்கலாம், ரத்தக்குழாயும் மேல்தோலுக்கு அடியில் உள்ளதும் தெளிவாகத் தெரியும், கசியும் புண்ணிலும் பயன்படும். ஆனால் மேல்மட்டத்தில் இருப்பதைப் போலரைஸ்டு ஒளி பல சமயம் தவறவிடும். செபோரிக் கெரடோசிஸில் (தோலில் வரும் தீங்கற்ற தடிப்பு) தெரியும் வெள்ளை முத்துப் புள்ளிகள் சாதாரண ஒளியில் பளிச்சிடும், போலரைஸ்டு ஒளியில் மங்கும். பளபளக்கும் வெள்ளைக் கோடுகளோ போலரைஸ்டு ஒளியில் மட்டுமே தெரியும், கருவியைத் திருப்பினால் எழுந்து மறையும். ஆகவே ஒரு பட்டனில் இரண்டுக்கும் மாறும் ஹைப்ரிட் வகையே சரி. போலரைஸ்டு மட்டும் உள்ளதை விலை குறைவு என்று வாங்கினால் பாதித் தகவலை விட்டுவிடுவீர்கள்.

மங்கு, முகப்பரு போன்றவற்றைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் படமெடுப்பது மட்டும்தான் தேவை என்றால் செல்போன் போதும். ஃபிளாஷ் மேல் ஒரு துண்டு, லென்ஸ் மேல் 90 டிகிரி திருப்பிய இன்னொரு துண்டு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. படத்தில் மூக்கு நுனியின் வெள்ளைப் பொட்டு மறையும்வரை லென்ஸ் துண்டைத் திருப்புங்கள், பிறகு ஒட்டிவிடுங்கள். முதல் படத்துக்கும் மூன்று மாதம் கழித்து எடுக்கும் படத்துக்கும் ஒரே தூரம், ஒரே எக்ஸ்போஷர் லாக், ஜன்னல் திரை மூடியே இருக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்துக்கு ஃபிலிம் இல்லை, அதனால் அந்தப் பளபளப்பு அப்படியே நுழைந்துவிடும்.

விளம்பரத்தில் வரும் மற்றவை

மியூல்லர் மேட்ரிக்ஸ் இமேஜிங் என்று ஒன்று பேசப்படுகிறது. பல தளநிலைகளில் ஒளியைச் செலுத்தி, பல நிலைகளில் வாங்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் 16 எண்கள் கொண்ட அட்டவணை தரும் முறை. கருப்பைவாய்ப் புற்றுநோயின் ஆரம்ப நிலையில் கொலாஜன் வரிசை கலைவதை இது பிடித்துக்காட்டும் என்பது உண்மையிலேயே நம்பிக்கை தரும் ஆராய்ச்சி. நோயாளி அசையாமல் இருக்க வேண்டும், அளவீடு துல்லியமாக வேண்டும், எந்த எண் நோய் என்பதற்குப் பொது வரையறை வேண்டும். அதுவரை கல்லூரி ஆய்வகத்தில் இருக்கட்டும். கண்ணில் நரம்பிழை அடுக்கைத் தளவிளைவு லேசரால் அளந்த கருவிகளின் இடத்தையும் பெரும்பாலும் ஓசிடி என்ற ஒளி ஸ்கேன் எடுத்துக்கொண்டது. பழையது மலிவாக வருகிறதென்று வாங்க வேண்டாம்.

ஏற்காட்டில் வைப்பவர்களுக்கு, வாங்கப் போகிறவர்களுக்கு

ஃபிலிமுக்குச் சூடும் ஈரமும் ஆகாது. கீழே சேலத்தில் வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் ஓரம் சுருளும். 1500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியே அறைக்குள் வரும் ஏற்காட்டிலோ ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கும், லென்ஸில் பூஞ்சையும் பிடிக்கும். வெட்டிய ஓரத்தை நகப்பூச்சால் அடைத்து, இரு கவர் ஸ்லிப்களுக்கு நடுவில் வைத்து, வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் போடுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். ஆல்கஹாலில் ஃபிலிமைத் துடைக்க வேண்டாம், உலர்ந்த லென்ஸ் துணி போதும்.

இணைப்பையோ முழு மைக்ரோஸ்கோப்பையோ வாங்கப் போகும்போது கிளிசரினில் போட்ட மரவள்ளி ஸ்லைடு ஒன்றைச் சட்டைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். ஸ்லைடு இல்லாமல் முதலில் குறுக்காக்கி, 4, 10, 40 மூன்றிலும் பின்னணி ஒரே கருப்பா, ஓரத்தில் சாம்பல் நிற மேகம் உண்டா என்று பாருங்கள். பிறகு ஸ்லைடை வைத்து, சிலுவையின் கைகள் நேராகவும் கூர்மையாகவும் இருக்கின்றனவா என்று இரு கண்ணாலும் பாருங்கள். ரெட் பிளேட்டைச் செருகி, நீல இதழ்கள் தகட்டில் குறித்த அச்சின் பக்கம்தானா என்று சரிபாருங்கள். பத்து நிமிடம் விளக்கை முழுதாக எரியவிட்டு மறுபடி கருப்பைப் பாருங்கள். இந்த நான்கில் ஒன்று தவறினாலும், பில் போடுவதற்கு முன் வேறு பீஸ் கேளுங்கள்.